ஷெஃபீல்டில் வேலை, ஹேதர்சேஜில் வீடு: குடும்பத்துக்கு ஒத்துவருமா?

மருதன் (கேள்வி):
இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக்குத் தென்மேற்கே சுமார் 16 கிலோமீட்டரில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கிராமம் ஹேதர்சேஜ். ஒருவருக்கு வாரம் மூன்று நாள் நகரத்தில் வேலை, தொடக்கப்பள்ளியில் ஒரு பிள்ளை, கூடவே வயதான பெற்றோர். இப்படியொரு குடும்பம் அங்கே வீடு வாங்கலாமா? சொந்தக் கதைகள் வேண்டாம், நடைமுறை விவரமாகச் சொல்லுங்கள்.

பொன்னி:
தாராளமாக வாங்கலாம். ஊரிலேயே ரயில் நிலையம், ஷெஃபீல்டுக்கு இருபது நிமிடம். பாதை டாட்லி சுரங்கம் வழியாகப் போகிறது, 5.7 கிலோமீட்டர் நீளம், 1893இல் முடித்தது. மேலே ஃபாக்ஸ் ஹவுஸ் மேட்டுச் சாலையில் பனி கொட்டிக் கார்கள் நின்றாலும் ரயில் பெரும்பாலும் ஓடிவிடும். ஊருக்குள் தொடக்கப்பள்ளி உண்டு. 1936இல் கட்டிய திறந்தவெளி நீச்சல் குளம் இருக்கிறது, வெந்நீர்க் குளம். இந்த அளவு ஊருக்கு இத்தனை வசதி வேறு எங்கே கிடைக்கும்?

கருவேலன்:
பொன்னி அக்கா, இருபது நிமிடம் என்பது ரயில் வந்தால்தான். நின்று நின்று போகும் வண்டி ஏறக்குறைய மணிக்கு ஒன்று. ஒன்று ரத்தானால் ஒரு மணி நேரம் போச்சு. அதே இரண்டு தண்டவாளத்தில்தான் மான்செஸ்டர் எக்ஸ்பிரஸும் ஓடுகிறது, ஹோப் சிமென்ட் ஆலையின் சரக்கு வண்டியும் ஓடுகிறது. தாமதம் வந்தால் ஓரங்கட்டப்படுவது பெரும்பாலும் சின்ன வண்டிதான். 2024இல் பாம்ஃபோர்டு அருகே சரக்கு வண்டி ஒதுங்க ஒரு பக்கத் தண்டவாளமும் (லூப்), டோர் அண்ட் டாட்லி நிலையத்தில் இரண்டாவது பிளாட்ஃபாரமும் போட்டார்கள். நெரிசல் குறையும், ஆனால் உள்ளூர் வண்டிகளின் எண்ணிக்கை அதனால் கூடிவிடாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஆஸ்பத்திரி. பெரியவர்களுக்கான அவசர சிகிச்சைப் பிரிவு நார்தர்ன் ஜெனரலில், நகரத்தின் வடக்கில். ஹேதர்சேஜ் தென்மேற்கில். ஊர் முழுக்கக் கடந்து போக வேண்டும். வயதான பெற்றோர் என்கிறார், இதை யோசிக்க வேண்டாமா?

பொன்னி:
பாதிதான் சொல்கிறீர்கள். 16 வயதுக்குக் கீழே இருந்தால் வெஸ்டர்ன் பேங்கில் இருக்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அது நகரத்தின் மேற்குப் பக்கம். கை பிசகியது, தையல் போட வேண்டும் என்பதற்கெல்லாம் ராயல் ஹாலம்ஷையரின் சிறு காயப் பிரிவு போதும், அதுவும் இந்தப் பக்கம்தான். அது எல்லா நேரமும் திறந்திருக்காது, ஆகவே முதலில் 111 மருத்துவ ஆலோசனை எண்ணை அழையுங்கள். மாரடைப்பு, பக்கவாதம் என்றால் 999 அவசர எண்தான், காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பவே கூடாது.

தச்சன்:
ரயிலும் ஆஸ்பத்திரியும் எல்லாரும் விசாரிப்பவை. பணம் கரைவது வீட்டில். கருங்கல் வீட்டை நகரத்துக் கண்ணால் பார்க்காதீர்கள்.

கேஸ் லைன் எட்டாத வீடா என்று முதலில் கேளுங்கள். ஊருக்கு வெளியே தள்ளியிருக்கும் வீடுகளில் வீட்டைச் சூடாக்க மண்ணெண்ணெய் டேங்க்தான் இருக்கும். பொதுவாகக் குறைந்தபட்ச ஆர்டர் 500 லிட்டர். கேஸுக்கும் மின்சாரத்துக்கும் இருக்கும் ஆஃப்ஜெம் (எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு) விலை உச்சவரம்பு இதற்குக் கிடையாது. கோடையில் நிரப்புங்கள், அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து ஆர்டர் போட்டால் விலை இறங்கும். டேங்க்கை ஒருபோதும் அடிவரை விடாதீர்கள். உள்ளே வேர்த்த தண்ணீரும் கசடும் அடியில் தங்கும். எண்ணெய் தீர்ந்தால் பம்ப் அதையும் காற்றையும் இழுத்துக்கொள்ளும். பிறகு டேங்க்கை நிரப்பினாலும் பாய்லர் பற்றாது, ஃபில்டரைக் கழற்றி லைனிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும்.

கன்டென்சிங் பாய்லர் (புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் பயன்படுத்தும் வகை) என்றால் அது வெளியே விடும் கழிவுநீர்க் குழாயைப் பாருங்கள். வீட்டுக்கு வெளியே 22 மில்லிமீட்டர் மெல்லிய குழாய் மூடாமல் ஓடினால், உறைபனி இரவில் அதற்குள் பனிக்கட்டி அடைத்து பாய்லர் தானே நின்றுவிடும். 32 மில்லிமீட்டராக மாற்றி, உறை போட்டு, நீளத்தைக் குறைக்க வேண்டும். உறைந்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் வெடிக்கும்.

சாக்கடை இணைப்பு இல்லாத வீட்டில் செப்டிக் டேங்க். அதன் கழிவு நேராக ஓடையில் விழுந்தால் இங்கிலாந்தின் பொது விதிகளுக்கு முரண். 2020 தொடக்கத்திலிருந்து இதில் விலக்கு இல்லை. நிலத்தில் ஊறும் வடிகால் அமைக்க வேண்டும், அல்லது சுத்திகரிப்புத் தொட்டியாக மாற்ற வேண்டும். விற்பவர் ‘எப்போதும் இப்படித்தான்’ என்பார். வக்கீலிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், செலவு யார் தலையில் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பேசி முடியுங்கள்.

கருவேலன்:
தச்சன் அண்ணன் சொன்னதோடு இதையும் சேருங்கள். மாடியில் டார்மர் (கூரையிலிருந்து துருத்தி நிற்கும் ஜன்னல்) வைத்து அறை எடுக்கலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. நகரத்தில் அனுமதி கேட்காமலே செய்யக்கூடிய பல வேலைகள் தேசியப் பூங்காவில் செல்லாது. கூரை டார்மர், பக்கவாட்டு விரிவாக்கம், பின்னால் இரண்டு அடுக்கு, சுவர் மேல் கல் ஒட்டுவது எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போட வேண்டும். வீடு கன்சர்வேஷன் ஏரியாவில் (பழமை காக்கும் பகுதியில்) இருந்தால் மரத்தை வெட்டக்கூட ஆறு வாரம் முன்னதாகத் தகவல் தர வேண்டும், ஒன்றரை மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டம் 75 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலே போதும்.

பொன்னி:
அந்தக் கட்டுப்பாடுதான் அந்த ஊரைக் காப்பாற்றுகிறது, கருவேலன். அது இல்லையென்றால் ஷெஃபீல்டு மலை ஏறி இறங்கி எப்போதோ ஹேதர்சேஜை விழுங்கியிருக்கும். அறை கூட்ட வேண்டுமென்றால் கூட்டிய வீட்டை வாங்குங்கள்.

மருதன்:
குப்பை ஒருத்தர், சாலை ஒருத்தர் என்று படித்தேன். யாரிடம் எதற்குப் போவது?

பொன்னி:
குப்பை, கவுன்சில் டாக்ஸ் (வீட்டு வரி) வசூல்: டெர்பிஷையர் டேல்ஸ் மாவட்டக் கவுன்சில். சாலைப் பள்ளம், பள்ளிச் சேர்க்கை: டெர்பிஷையர் கவுண்டி கவுன்சில். கட்டட அனுமதி: தேசியப் பூங்கா ஆணையம். ஊர்ப் பொது இடங்களுக்குப் பாரிஷ் கவுன்சில் (கிராம மன்றம்), அதன் பங்கு வரி பில்லில் தனியாகக் காட்டப்படும். ஷெஃபீல்டு கவுன்சிலுக்கு இதில் எந்த வேலையும் இல்லை.

கருவேலன்:
வாங்குகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். நகரம் பக்கத்தில் இருந்தாலும் எல்லை வேறு. ஷெஃபீல்டு மேல்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பித்தாலும் டெர்பிஷையர் மூலமாகத்தான் போக வேண்டும், அக்டோபர் 31க்குள். ஊருக்குப் பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஹோப் வேலி காலேஜ். பெயரில்தான் காலேஜ், பிள்ளைகள் 11 வயதில் சேர்வார்கள். 8 வயதிலிருந்து, பொருத்தமான அருகிலுள்ள பள்ளி மூன்று மைலுக்கு அப்பால் இருந்தால் இலவசப் பயணம் உண்டு. அதை விட்டுவிட்டு ஷெஃபீல்டு பள்ளியை நீங்களே விரும்பி எடுத்தால் அந்தச் சலுகை போய்விடும்.

தச்சன்:
பெரியவர்களுக்கு இரண்டு விஷயம். இலவச பஸ் அட்டை திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9:30க்குப் பிறகுதான் கட்டாயம் செல்லும். 9 மணி அப்பாயின்ட்மென்ட் என்றால் ஷெஃபீல்டு போகும் 272 பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும். ரயிலில் அந்த அட்டையை நம்பிப் போகாதீர்கள்.

இன்னொன்று தொலைபேசி. பழைய செம்புக் கம்பிச் சேவையை 2027 ஜனவரிக்குள் நிறுத்துகிறார்கள். அதன் பிறகு கரண்ட் போனால் ரவுட்டரோடு லேண்ட்லைனும் போகும். மலையடிவாரத்தில் மொபைல் சிக்னலும் வீட்டுக்கு வீடு மாறும். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து ஒரு பேட்டரி வையுங்கள். கரண்ட் நிறுவனத்தின் முன்னுரிமைப் பட்டியலில் பெற்றோர் பெயரைப் பதியுங்கள், அது இலவசம். கரண்ட் போனால் அழைக்க வேண்டிய எண் 105.

பொன்னி:
இதெல்லாம் ஒரு தடவை செய்துவைக்கும் வேலை. வாங்காமல் இருக்க இது காரணமா?

கருவேலன்:
ஒரு தடவை செய்து முடியாத வேலை ஒன்று இருக்கிறது அக்கா. பிள்ளைக்கு 16 ஆனதும் இலவசப் பள்ளிப் பயண உரிமை முடிகிறது. ஆனால் 18 வரை படிப்பிலோ பயிற்சியிலோ இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த இரண்டு வருடப் போக்குவரத்துச் செலவை யார் ஏற்பது? நகரத்தில் பிள்ளை தானே பஸ் ஏறிப் போய்விடும். இங்கே மாலை வகுப்பு முடிந்து ஒரு வண்டியைத் தவறவிட்டால் பெற்றோர் காரை எடுக்க வேண்டும்.

பொன்னி:
அது நியாயமான கேள்வி. மருதன், வாங்குவதற்கு முன் வீட்டு அஞ்சல் குறியீட்டைக் கொடுத்து டெர்பிஷையர் கவுண்டியின் 16 வயதுக்கு மேற்பட்டோர் பயணக் கொள்கையை எழுத்தில் கேளுங்கள். ஒரு வாரநாள் மாலை ஆறு மணிக்கு மேல் ஷெஃபீல்டிலிருந்து கிளம்பும் வண்டிகளின் கால அட்டவணையையும் பாருங்கள். மற்றதெல்லாம் சமாளிக்கலாம் என்பதில் எனக்கு மாற்றம் இல்லை.