எட்டரையாம் நாளாம்! அரை நாளுக்கும் ஓர் இதயமா?

மாம்பலம் வாத்தியார்:
நேற்று இங்கே 'கூண்டுக்காரன்' என்பவர் எழுதியதைப் படித்துவிட்டு எனக்கு இரவு தூக்கம் போயிற்று. எலிக் கருவின் இதயம் "எட்டரையாம் நாள்" துடிப்பதைத் தன் கண்ணால் பார்த்தாராம். ஏழரை கேள்விப்பட்டிருக்கிறேன், அது சனி. எட்டரை எங்கிருந்து வந்தது? 31 ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவன் நான். ஒன்பதாம் நாள். எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

கூண்டுக்காரன்:
ஐயா, எலி அல்ல, சுண்டெலி. எலியின் கர்ப்பம் 22 நாள் வரை போகும். சுண்டெலிக்கு 19, 20 நாளில் முடிந்துவிடும். தரமணிப் பக்கம் ஓர் ஆய்வகத்தின் விலங்குக்கூடத்தில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். மாலையில் ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விடுவோம். காலையில் பெண்ணைத் தூக்கிப் பார்த்தால், இணை சேர்ந்திருந்தால் பிறப்புறுப்பில் வெள்ளையாக அடைப்பு இருக்கும். நாங்கள் 'பிளக்' என்போம். இணை சேர்ந்தது நள்ளிரவு என்று வைத்துக்கொண்டு, அன்று நண்பகலை அரை நாள் என்று எண்ணுவோம். இதயம் முதலில் ஒரு குழாய்தான்; அந்த இதயக்குழாய் துடிப்பது எட்டரையில் நன்றாகத் தெரியும். எட்டரை.

மாம்பலம் வாத்தியார்:
அடைப்பைக் கண்ட நாள் ஒன்றாம் நாள். ஒன்றை அரை என்று சொல்ல உமக்கு யார் உரிமை கொடுத்தார்கள், தம்பி? என் பேரன் பிறந்த அன்றைக்கு அவனுக்கு என்ன அரை வயதா? ஒன்பது.

பெரம்பூர் அம்மாள்:
மூன்று பிள்ளை பெற்றவள் சொல்கிறேன். பத்து மாதம் சுமந்தோம் என்கிறோம். டாக்டர் சீட்டில் 40 வாரம் என்று எழுதுகிறார், அதுவும் கடைசியாக மாதவிலக்கான நாளிலிருந்து. கரு உண்டாகாத இரண்டு வாரமும் அதில் சேர்த்தி. பிறந்தது ஒரே குழந்தைதான். நீங்கள் இருவரும் ஒரே நாளைத்தான் சொல்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

மாம்பலம் வாத்தியார்:
அம்மா, பேச்சு மனிதரைப் பற்றி அல்ல. ஒன்பது.

கூண்டுக்காரன்:
இதில் மட்டும் ஐயா சொல்வது சரி. மனிதரைப் பற்றி அல்ல. எட்டரை.

அரை நாளில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். என்கேஎக்ஸ் 2-5 என்று ஒரு மரபணு. அதை நீக்கிய சுண்டெலிக் கருவிலும் இதயக்குழாய் உருவாகும், துடிக்கும். ஆனால் வளைந்து மடங்காது. பத்தாம் நாளை ஒட்டிக் கரு செத்துவிடும். பழ ஈயில் இதற்கு இணையான மரபணு கெட்டால் இதயமே இராது. அந்த மரபணுவுக்கு, கதையில் வரும் இதயமில்லாத 'தகர மனிதன்' பெயரையே வைத்துவிட்டார்கள். ஒரு நாள் தவறி வயிற்றைத் திறந்தால் கையில் கிடைப்பது கரைந்துபோன சதைதான். 2016-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில் 1,751 மரபணுக்களைத் தனித்தனியாக நீக்கிப் பார்த்தார்கள். 410 மரபணுக்களின் விஷயத்தில் ஒரு குட்டியும் பிழைக்கவில்லை. எது எந்த நாளில் சாகிறது என்று தேடிப் பிடிப்பதற்குள் உயிர் போய்விடும், நமக்கு.

மாம்பலம் வாத்தியார்:
"பத்தாம் நாளை ஒட்டி" என்று முழு எண்ணில் எழுத வருகிறதல்லவா? இதயத்துக்கு மட்டும் ஏன் அரை? மரபணு நீக்கும் இந்த உத்திக்காக 2007-ல் கப்பெக்கி, எவன்ஸ், ஸ்மித்தீஸ் மூவருக்கும் நோபல் கொடுத்தார்கள். மூவருக்கு. மூன்றரைப் பேருக்கு அல்ல.

அடையாறு நத்தை:
ஒரே வயிற்றில் இருக்கும் கருக்களே அரை நாள் முன்பின்னாக வளரும், சாமி. நாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, முதுகுப் பக்கம் இரு வரிசையாக எழும் சோமைட் கட்டிகளை எண்ணுங்கள். இல்லையென்றால் சுண்டெலிக் கருவின் வளர்ச்சியைப் படிகளாகப் பிரித்துக் கருவியலாளர் தைலர் 1972-ல் வெளியிட்ட நிலை எண்ணைச் சொல்லுங்கள். பிறப்பு வரை 26 நிலைகள். அதில் அரையும் இல்லை, காலும் இல்லை.

மாம்பலம் வாத்தியார்:
யார் இவர்? ஓ, பள்ளிக்கரணையில் பூநாரையைச் செங்கால் நாரை என்று மூன்று நாள் சாதித்தவரா! அலகைப் பார்த்துப் பறவையைச் சொல்லத் தெரியாதவர் முதுகைப் பார்த்துக் கருவைச் சொல்ல வந்துவிட்டார்.

அடையாறு நத்தை:
அது மாலை வெளிச்சம், தொலைநோக்கியும் இரவல். நானாவது வந்தேன். வெயில் என்று வீட்டிலேயே இருந்தவர் யார்?

மாம்பலம் வாத்தியார்:
முழங்கால் வலி என்று அன்றே தெரிவித்தேன். பழைய பதிவைத் தேடிப் பாரும்.

கூண்டுக்காரன்:
நாரையும் முழங்காலும் இருக்கட்டும். எட்டரைக்குப் பதில் வரவில்லை.

மாம்பலம் வாத்தியார்:
மூன்று முறை வந்துவிட்டது, படிக்கத் தெரிந்தவருக்கு. என்னிடம் படித்தவர்களில் எட்டுப் பேர் இன்று டாக்டர்கள். ஒருவன்கூட என்னிடம் அரை நாள் கணக்குப் பேசியதில்லை. ஆறு ஆண்டு கூண்டு கழுவியவரெல்லாம் கருவியல் பேசத் தொடங்கினால் நாடு உருப்படும். எண்ணுவது ஒன்றிலிருந்து தொடங்கும், ஐயா! ஒன்று, இரண்டு, மூன்று. இது ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லித் தந்தது. ஒன்பது.

கூண்டுக்காரன்:
கூண்டு கழுவியதை நான் எங்கே மறைத்தேன்? அதே கைதான் கடுகைவிடச் சற்றே பெரிய கருவை, சுற்றியுள்ள சவ்வைக் கிழிக்காமல், நுண்ணோக்கியின் கீழ் வைத்து உரித்தெடுத்தது. நீங்கள் கரும்பலகையில் வரைந்த இதயம் எந்த நாளில் துடித்ததாம்? எட்டரை.

ராயபுரம் ரயிலடி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எலி என்று தேடியபோது இது வந்தது. பாரிமுனையில் நல்ல மர எலிப்பொறி எந்தத் தெருவில் கிடைக்கும்?

பெரம்பூர் அம்மாள்:
பொறிக்குள் கருவாட்டுத் துண்டு வையுங்கள். தேங்காய்க்கு இப்போதெல்லாம் வருவதில்லை.

மாம்பலம் வாத்தியார்:
பொறி வாங்குமுன் அது எலியா சுண்டெலியா என்று கூண்டுக்காரரிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்; எட்டரை நாளில் தருவார். நான் ரேஷன் கடைக்குப் போகிறேன். வந்து அந்த நாரை விஷயத்தையும் எடுக்கிறேன். ஒன்பது.