கடல் மணல், கண்ணாடிச் சில்லு, பாசிமணி ஒட்டிய பலகையில் உப்பு பூக்கிறது: என்ன செய்யலாம்?

மண்டபம்_கரை:
2க்கு 3 அடி பிளைவுட்டில் கலப்பு ஊடக வேலை. கடற்கரை மணலை வெள்ளைப் பசையில் குழைத்துப் பூசி, அலையில் தேய்ந்த கண்ணாடி, ரசக்கண்ணாடித் துண்டு, பாசிமணி எல்லாம் பதித்தது. இரண்டு மாதத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, பாசி உதிர்கிறது, ரசக்கண்ணாடி ஓரம் கருக்கிறது. மேலே வார்னிஷ் அடித்தால் நிற்குமா?

உப்புக்காத்து:
வார்னிஷ் அடிக்காதீங்க. உள்ளே இருக்கிற உப்பு ஈரக்காத்துல கரைஞ்சு, வெயில்ல காயும்போது மேலே வந்து படிகமாகுது. அது வார்னிஷையும் தூக்கிட்டு வந்துடும்.

புதுசா பண்ணும்போது, பூசுறதுக்கு முன்னாடி மணலை வாளியில ஊறவச்சு அஞ்சாறு தடவை தண்ணி மாத்தணும். இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க: நம்ம பக்கத்து போர் தண்ணியே உப்பு. கடைசி ரெண்டு அலசல் மழைத்தண்ணியிலோ கேன் தண்ணியிலோ இருக்கணும். அலசின தண்ணியில ஒரு சொட்டைக் கறுப்பு டைல்ஸ்ல விட்டுக் காயவைங்க. வெள்ளை வளையம் விழுந்தா இன்னும் ஒரு அலசல். பசை குழைக்கவும் அதே நல்ல தண்ணிதான். இவ்வளவு பாடு வேண்டாம்னா தண்ணி வடிகட்டிக்குப் போடுற சிலிக்கா மணல் வாங்கிடுங்க.

சில்லுக்கை:
பாசி உதிர்வதற்கு உப்பு பாதிக் காரணம்தான், பசை மீதி. வெள்ளைப் பசை, ஈரம் வெளியேறினால்தான் இறுகும். கண்ணாடி ஈரத்தை உறிஞ்சாது, அதனால் அடியில் பசை சரியாக இறுகாது. இறுகிய பிறகும் மழைக்காலத்தில் இளகும்.

பெரிய துண்டுகளுக்கு இரட்டை டியூப் எபாக்ஸி (இரண்டையும் கலந்தால் இறுகும் பசை), சம அளவு, மெதுவாக இறுகும் வகை, 24 மணி நேரம் அசைக்காமல். வழவழப்பான கண்ணாடியாக இருந்தால் பின்புறத்தை 220 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்து ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். அலையில் தேய்ந்ததுக்குத் தேய்ப்பு வேண்டாம், அலசிக் காயவைத்தாலே பிடிக்கும்.

சின்னப் பாசியை ஒவ்வொன்றாக ஒட்டாதீர்கள். கெட்டியான அக்ரிலிக் ஜெல்லில் (ஓவியக் கடையில் கிடைக்கும் களிம்பு போன்ற பூச்சு) பாதி உயரம் அமுங்கும்படி பதித்தால் துளைக்குள்ளும் ஜெல் போய்ப் பிடித்துக்கொள்ளும்.

ரசக்கண்ணாடிக்கு வினிகர் வாடை வரும் சிலிக்கான் பசை கூடவே கூடாது. அந்த அமிலம் ரசத்தை அரிக்கும். சிப்பி வைத்தால் அதையும் தின்னும். நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். வெட்டிய ஓரத்தில் எபாக்ஸி ஒரு கோடு இழுத்துவிட்டால் உப்புக்காற்று உள்ளே போகாது.

பாசிக்கோர்வை:
பாசி வாங்கும்போது பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். நிறம் வந்தால் மேல்பூச்சு, வெயிலில் வெளுக்கும். துளைக்குள் வெள்ளி பூசிய வகை கடலோரத்தில் மங்கிவிடும். கண்ணாடியிலேயே நிறம் கலந்ததுதான் நிலைக்கும். ராமநாதபுரம் பக்கம் அகழாய்வு நடந்த அழகன்குளத்தில் தோண்டி எடுத்த கண்ணாடிப் பாசிகள் அத்தனை நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்தும் நிறத்தோடு வந்தது அதனால்தான்.

பலகையில் மணல் பரப்பு போலப் பூசும் டெக்ஸ்சர் கலவை: அக்ரிலிக் ஜெல் 1 பங்கு, மார்பிள் பவுடர் 1 பங்கு, மணல் அரைப் பங்கு. ஒரு பூச்சு 3 மி.மீ. தாண்ட வேண்டாம். தாண்டினால் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்பகுதி பிறகு சுருங்கி வெடிக்கும்.

பலகைக்கு ஆறு பக்கமும், முக்கியமாக வெட்டு ஓரங்களில், ஈரம் புகாமல் அடைக்கும் சீலர் இரண்டு கோட். 4 மி.மீ. கண்ணாடி சதுர அடிக்குச் சுமார் 930 கிராம். முழுக்கப் பதித்தால் கண்ணாடி மட்டுமே ஐந்தரைக் கிலோ. கேன்வாஸ் தொய்ந்துவிடும், பிளைவுட் எடுத்தது சரிதான். ஸ்டெயின்லெஸ் ஆணியில், சுவருக்கும் பலகைக்கும் ஒரு செ.மீ. இடைவெளி விட்டு மாட்டுங்கள்.

ஒன்று: கரையில் கிடக்கிற பவளத்துண்டு, செத்ததாக இருந்தாலும் எடுக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் முதல் அட்டவணையில், அதாவது கடுமையான பாதுகாப்புப் பட்டியலில், இருக்கிறது.

மண்டபம்_கரை:
இந்தப் பலகையைக் காப்பாற்ற முடியுமா?

உப்புக்காத்து:
முடியாது, துண்டுகளைக் காப்பாத்தலாம். வெதுவெதுப்பான தண்ணியில துணி நனைச்சு மேலே போட்டு ரெண்டு மணி நேரம் விடுங்க. வெள்ளைப் பசை ஊறி, கண்ணாடியும் பாசியும் கையோட வரும். ரசக்கண்ணாடியை மட்டும் முன்னாடியே தகட்டால நெம்பி எடுத்துடுங்க. ஓரம் கருத்ததை ஊறவச்சா ரசம் மொத்தமா உரிஞ்சுடும்.