[கலைச்சொல்] கம்ப்ளையன்ஸ்: யாரோடு இணக்கம்?

அன்பர்களே,

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவி அலுவலகத்துக்காகக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். பேராசிரியர்கள் ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கும்போது துணை நிற்பது, பணம் வந்தபின் அதன் நிபந்தனைகள் மீறப்படாமல் பார்த்துக்கொள்வது, இரண்டும் அந்த அலுவலகத்தின் வேலை. முதல் பாதிக்கு எப்படியோ சொற்கள் தேறிவிட்டன. இரண்டாம் பாதியில் பக்கத்துக்குப் பக்கம் வரும் கம்ப்ளையன்ஸ்தான் (விதி, நிபந்தனைகளின்படி நடப்பது) உதைக்கிறது. வரைவில் "இணக்கம்" என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த பேராசிரியர் ஓரத்தில் "யாரோடு?" என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டார்.

உதவுங்கள். அலுவலகத்தின் பெயர்ப்பலகையிலும் இந்தச் சொல்தான் வரப்போகிறது.

— சு

*

சு தம்பி,

அந்தப் பேராசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். "இணக்கம் அறிந்து இணங்கு" என்று ஆத்திசூடி சொல்வது, ஆள் எப்படிப்பட்டவர் என்று பார்த்துப் பழகு என்பதற்காக. இணங்குவது இரு தரப்பின் வேலை, இருவரும் கொஞ்சம் வளைந்தால்தான் இணக்கம். நிதி கொடுப்பவர் எங்கே வளைகிறார்? போதாததற்குக் கணினிக்காரர்கள் அந்தச் சொல்லை ஏற்கெனவே வளைத்துப்போட்டு, ஒரு மென்பொருள் இன்னொன்றோடு சேர்ந்து ஓடுவதை இணக்கத்தன்மை என்கிறார்கள்.

என் பரிந்துரை "இயைபு". தொல்காப்பியர் செய்யுளுக்குச் சொன்ன எண்வகை வனப்பில் ஒன்றாக வைத்த சொல். இயைபு, இயைபின்மை, இயைபாளர் என்று அழகாகக் கிளைக்கும். இயை, இணை, இழை, இசை எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் நெடுநாள் கருத்து. "இ" என்னும் அண்மைச் சுட்டிலிருந்து நெருங்குதல் என்ற பொருள் முளைத்து, நெருங்கியது பொருந்தி, பொருந்தியது இசைந்து என்று போகிறது. இதை விரித்து இன்னொரு மடலில் எழுதுகிறேன்.

— வே

*

வே ஐயா, விரிக்கவேண்டாம், கும்பிடுகிறேன். "இ" சுட்டிலிருந்து கிளம்பினால் இடுக்கண் வரைக்கும் போகலாம்.

இயைபு என்றதும் தமிழ் படித்த எவருக்கும் நினைவுக்கு வருவது இயைபுத் தொடை. அடிதோறும் இறுதி ஒத்துவருவது. "பேராசிரியரே, உங்கள் திட்டத்தில் இயைபு இல்லை" என்று அலுவலகம் கடிதம் போட்டால், மனுஷர் கடைசிச் சீரை மாற்றித் திருப்பி அனுப்புவார்.

எனக்கு இணக்கமே போதும். வரிப் படிவங்களிலும் வங்கிச் சுற்றறிக்கைகளிலும் புழங்குகிறது. அங்கெல்லாம் யாரும் "யாரோடு?" என்று கேட்கவில்லையே.

— தா

*

எல்லாருக்கும் வணக்கம். நான் இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஆனால் என் பிழைப்பே இந்த வேலைதான் என்பதால் எழுதுகிறேன்.

சொல் தேடுமுன் அந்த மேசையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு பேராசிரியர் மூன்று திட்டங்களில் இருக்கிறார். ஒவ்வொன்றிலும் தன் நேரத்தில் 50 விழுக்காடு என்று எழுதியிருக்கிறார். மூன்றையும் ஒரே தாளில் கூட்டிப் பார்க்கிறவர் நாங்கள்தான். 150 வருகிறது. அவர் பொய் சொல்லவில்லை, மூன்றில் ஒன்றாவது கிடைக்கட்டும் என்று வெவ்வேறு நாளில் எழுதியவை, மூன்றும் கிடைத்துவிட்டன. இனி ஒவ்வொரு நிதியாளரிடமும் முன்னனுமதி வாங்கி நேரத்தைக் குறைக்கவேண்டும். இன்னொருவர் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய்விட்டார், அறநெறிக் குழுவின் ஒப்புதல் கடிதத்திலோ அதற்குப் பிந்திய தேதி. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வைத் தொடங்குமுன்பே குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பது மருத்துவ ஆய்வுக்கான உலக அறநெறி ஆவணமான ஹெல்சிங்கி அறிக்கையிலேயே இருக்கிறது. கடிதத்துக்கு முன்னால் சேர்த்த பதில்களை அவர் பயன்படுத்தமுடியாமல் போகலாம். அதை அவரிடம் போய்ச் சொல்வதும் எங்கள் வேலைதான்.

அப்புறம், நுகர்பொருளுக்கு ஒதுக்கிய பணத்தில் மாநாட்டுப் பயணம், திட்டம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது வாங்கிய விலையுயர்ந்த கருவி, தனக்குப் பங்குள்ள நிறுவனத்திடமே கொள்முதல். இவற்றில் சில நிதியாளரின் நிபந்தனை, சில நாட்டின் சட்டம், சில பல்கலைக்கழகத்தின் சொந்த விதி. உங்கள் சொல் மூன்றையும் தாங்கவேண்டும்.

இன்னொரு வேண்டுகோள், "கண்காணிப்பு" மட்டும் வேண்டாம். அந்தப் பலகையைப் பார்த்தால் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். தவறு நடப்பதற்கு முன்னால் வந்து கேட்டால்தான் எங்களால் உதவமுடியும். நடந்தபின் வருவது தணிக்கையாளர்.

— மீ

*

மீ அம்மா, இவ்வளவு நாள் ஏன் எழுதாமல் இருந்தீர்கள்! கண்காணிப்பு வேண்டாம் என்பதை வழிமொழிகிறேன், தோட்டத்துக் கங்காணி அந்தக் கண்காணிதான், ஆங்கிலம்வரை போய்ச் சேர்ந்த பெயர், நல்ல பெயரோடு போகவில்லை.

உங்கள் மடலைப் படித்தபின் இயைபைக் கைவிடுகிறேன் (தா மகிழ்க). விதி ஒன்று இருக்கிறது, அதன்படி நடப்பது. நடத்தலுக்குத் தமிழில் ஒழுகுதல் என்ற பழுத்த சொல் இருக்கிறதே. ஒழுக்கம் அதிலிருந்து வந்ததுதான். "விதியொழுகல்". எப்படி?

— வே

*

கூரை ஒழுகுகிறது, குழாய் ஒழுகுகிறது, இனி நிதியும் ஒழுகட்டும். நிதி அலுவலகத்தின் வாசலில் "ஒழுகல்" என்று பலகை மாட்டினால் தணிக்கையாளருக்கு வேலை மிச்சம்.

— தா

*

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். கம்ப்ளையன்ஸ் இருக்கட்டும், ஆய்வுக்கு வரும் அந்த நிதிக்கு, அதாவது கிராண்டுக்கு, என்ன முடிவு செய்தீர்கள்? அதைப் பார்த்துத்தானே இது அமையும்?

சோழர் கல்வெட்டுகளில் "நிவந்தம்" இருக்கிறது. இன்ன செலவுக்கு இவ்வளவு என்று வரையறுத்துக் கொடுப்பது. கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள், அவற்றைப் பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். அவை "சாவா மூவாப் பேராடு", அதாவது கிழடாகிச் செத்தாலும் கணக்கில் 96 குறையக்கூடாது. மூலதனம் அப்படியே இருக்கவேண்டும், விளைவு தவறாமல் வரவேண்டும் என்ற நிபந்தனையை இதைவிடச் சுருக்கமாக எந்த நிதி நிறுவனமும் எழுதியதில்லை. பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டிலோ, ஊர்ச்சபையின் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வரமுடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் வரமுடியாது. மீ அம்மாவின் அலுவலகம் இவ்வளவு கடுமையில்லை என்று நம்புகிறேன்.

— கோ

*

கோ அண்ணன், அருமை. ஆனால் நிவந்தம் வடசொல்.

— வே

*

வடசொல் கிளவி வடவெழுத்து ஒரீஇ (நீக்கி) வந்தால் ஆகும் என்று உங்கள் தொல்காப்பியர்தானே இடம் கொடுத்தார்? மானியமும் வடசொல்தான், அதை நாள்தோறும் சொல்கிறோம்.

— கோ

*

கிராண்டுக்கு வரைவில் "நல்கை" போட்டிருக்கிறேன். மானியம் என்றால் அரசு விலையைக் குறைத்துக் கொடுப்பதுதான் படிப்பவருக்குத் தோன்றுகிறது. நல்கையை யாராவது எதிர்க்கிறீர்களா?

— சு

*

எதிர்க்கவில்லை, ரசிக்கிறேன். நல்குதல் காதலர் அருள்வது. "நயந்தவர் நல்காமை சொல்லுவ போலும் பசந்து பனிவாரும் கண்" என்பது குறள். விண்ணப்பம் திரும்பி வந்த பேராசிரியரின் கண்ணைப் பார்த்துத்தான் வள்ளுவர் எழுதியிருக்கவேண்டும்.

— தா

*

நல்கை எனக்குச் சரி. "கொடை" மட்டும் எங்கும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சு. எங்களுக்குக் கொடை வேறு, நல்கை வேறு. கொடையாளர் பொதுவாக எதையும் திருப்பிக் கேட்கமாட்டார். நல்கையில் முன்னேற்ற அறிக்கை உண்டு, செலவுக் கணக்கு உண்டு, மிச்சத்தைத் திருப்பவேண்டி வரலாம். இன்ன நாளில் இன்ன பொருளை ஒப்படைக்கிறேன் என்று எழுதிக்கொடுத்தால் அது ஒப்பந்தம். ஒரே தொகைதான், மூன்று விதமான பொறுப்பு. வந்த காசோலையைக் கொடைக் கணக்கில் வரவு வைத்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து அறிக்கை எங்கே என்று கடிதம் வந்தபோது விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கம்ப்ளையன்ஸுக்கு என் எளிய யோசனை: "நிபந்தனைக் கடமைகள்". பெயர்ப்பலகையில் "ஆய்வு நிதி உதவி". அவ்வளவு போதும்.

— மீ

*

காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை "வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்று மறுத்த புலவர் புறநானூற்றில் இருக்கிறார். என் தகுதியைப் பார்த்துக் கொடு, இல்லாவிட்டால் வேண்டாம் என்கிறார். மீ அம்மா சொல்லும் வேறுபாடு அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே "பரிசில்" என்பதையும் ஆராயலாம்.

— வே

*

ஐயா, இன்று புதன். வெள்ளிக்குள் முடியவேண்டும்.

மீ அக்காவின் "நிபந்தனைக் கடமைகள்" தெளிவாக இருக்கிறது, ஆனால் சட்டத்தையும் பல்கலைக்கழக விதியையும் நிபந்தனை என்று சொல்லமுடியுமா? "கம்ப்ளையன்ஸ் இல்லாத திட்டம்" என்று வந்தால் எப்படித் திருப்புவது? "நெறி" சேர்த்துப் பார்த்தேன், அதுவும் ஓடவில்லை. எத்திக்ஸ் நெறிமுறை, புரோட்டோகால் நெறிமுறை, கைடுலைன்ஸ் வழிகாட்டு நெறிமுறை. ஒரே பத்தியில் மூன்றும் வருகிறது, நான்காவதற்கு இடமில்லை.

"விதியிணக்கம்" என்று போடலாமா? யாரோடு என்ற கேள்விக்கு விதியோடு என்று பதில் அதிலேயே இருக்கிறது. விதியிணக்கமற்ற, விதியிணக்க அலுவலர் என்று நீட்டலாம்.

— சு

*

விதி என்றால் தலைவிதியும்தான். விண்ணப்பம் ஐந்தாம் முறை திரும்பியபின் பேராசிரியர் அடையும் மனநிலைக்குப் பொருத்தமான பெயர். ஆனாலும் என் வாக்கு இதற்கே, எனக்கு அலுத்துவிட்டது.

— தா

*

இதற்கே. முதல்முறை வரும் இடத்தில் "கம்ப்ளையன்ஸ் எனப்படும்" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள், படிப்பவர் பிழைத்துப்போவார்.

— கோ

*

பெரும்பான்மைக்குத் தலை வணங்குகிறேன், உடன்படவில்லை. ஒழுகலை ஒரு பகடிக்காகத் தள்ளிவிட்டீர்கள். கண்ணீர் ஒழுகுகிறது என்பதால் ஒழுக்கத்தை யாரும் கைவிடவில்லை. என் மாற்றுக் கருத்து இந்தக் குழுவின் பதிவில் இருக்கட்டும்.

— வே

*

கையேட்டின் உள்ளே விதியிணக்கம் வரட்டும். பலகையில் வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. உதவி என்ற சொல் முதலில், பெரிய எழுத்தில் இருக்கவேண்டும். மற்றதை உள்ளே வந்தபின் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.

— மீ

*

நன்றி எல்லாருக்கும். கையேட்டில் விதியிணக்கம், பலகையை அலுவலகத்தாரே முடிவு செய்யட்டும்.

இன்னும் ஒன்றே ஒன்று. ஓவர்ஹெட். மின்சாரம், கட்டடம், அலுவலக ஊழியர் என்று பல்கலைக்கழகம் நல்கையில் எடுத்துக்கொள்ளும் பங்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் ஆய்வு நிதித் திட்டத்தில் தகுதியுள்ள நேரடிச் செலவில் 25 விழுக்காடு என்று ஒரே வீதம் வைத்திருக்கிறார்களே, அது. "மறைமுகச் செலவு" என்று எழுதினேன். அதே பேராசிரியர் ஓரத்தில் "எதை மறைக்கிறோம்?" என்று எழுதியிருக்கிறார்.

— சு

*

புதிய இழையில் தொடங்குங்கள் தம்பி. "மேல்" என்னும் சொல்லைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

— வே