பதினொரு ஆட்டம், ஒரு வெற்றிகூட இல்லை: 2024-ல் இந்தியக் கால்பந்து அணிக்கு என்ன ஆயிற்று?

கேள்வி: கிழக்கு மாடம்

அனைவருக்கும் வணக்கம். நவம்பர் 18 அன்று ஹைதராபாதில் மலேசியாவுடனான ஆட்டம் 1-1 என்று சமனில் முடிந்ததோடு, இந்திய ஆண்கள் அணியின் 2024-ஆம் ஆண்டுக் கணக்கும் முடிந்துவிட்டது. பதினொரு ஆட்டங்களில் ஆறு தோல்வி, ஐந்து சமன். அடித்தவை 4 கோல்கள், வாங்கியவை 15. ஆண்டு முழுவதும் ஒரு முறைகூட நம் அணி வென்று களத்தை விட்டு வெளியேறவில்லை.

இதற்கு முந்தைய ஆண்டில் இதே அணிதான் இம்பாலில் முத்தரப்புக் கோப்பையையும், புவனேசுவரத்தில் இன்டர்கான்டினென்டல் கோப்பையையும், பெங்களூரில் தெற்காசியக் கோப்பையையும் அடுத்தடுத்து வென்றது. ஜூலை 2023-ல் உலகத் தரவரிசையில் 99-ஆம் இடத்துக்கும் வந்தது. குவைத்துக்கு எதிரான அந்தத் தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டத்தை நான் கண்டீரவா அரங்கில் நேரில் பார்த்தேன். பெனால்டி உதைகளில் கோல்காப்பாளர் குர்பிரீத் கடைசிப் பந்தைத் தட்டிவிட்டபோது, முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். இந்த அணி இனிமேல் கீழே இறங்காது என்று அன்றிரவு உண்மையிலேயே நம்பினேன்.

ஏறத்தாழ அதே வீரர்கள் ஆறே மாதங்களில் இப்படித் தடுமாறியதற்குப் பயிற்சியாளர் காரணமா, அணித்தலைவர் சுனில் சேத்ரி ஓய்வு பெற்றது காரணமா, அல்லது 2023-ஐ நாம்தான் தவறாக மதிப்பிட்டுவிட்டோமா? ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: புள்ளிப்பட்டியல்

உங்கள் மூன்றாவது ஐயத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் விடையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

2023-ல் இந்தியா ஆடிய 16 ஆட்டங்களில் 12 சொந்த மண்ணில் நடந்தவை. ஆட்ட நேரத்துக்குள் வென்றவை எட்டு. தெற்காசியக் கோப்பையின் அரையிறுதியில் லெபனானையும் இறுதியில் குவைத்தையும் நாம் பெனால்டி உதைகளில்தான் கடந்தோம். வெளிநாட்டில் ஆடிய நான்கில் ஈராக்குடன் 2-2 என்று சமன் செய்து பெனால்டியில் தோற்றோம், லெபனானிடம் 0-1, மலேசியாவிடம் 2-4 என்று வீழ்ந்தோம். நவம்பர் 16 அன்று குவைத் நகரில் மன்வீர் சிங் அடித்த ஒற்றைக் கோலால் கிடைத்தது ஒன்றுதான் வெளிநாட்டு வெற்றி. 2024 முடியும் வரை நாம் கடைசியாக வென்ற ஆட்டமும் அதுவே. ஆகவே 2023 செப்டம்பரிலேயே சரிவு தொடங்கிவிட்டது, கோப்பைகளின் ஒளியில் அது நம் கண்ணுக்குப் படவில்லை.

ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா (0-2), உஸ்பெகிஸ்தான் (0-3), சிரியா (0-1) ஆகிய மூன்றிடமும் ஒரு கோல்கூட அடிக்காமல் தோற்றோம். தரவரிசை 102-லிருந்து 117-க்கு இறங்கியது. முதல் இரண்டு அணிகளும் நம்மைவிட மிகவும் வலியவை என்பதால் அந்தத் தோல்விகளை நான் பெரிதாக எண்ணவில்லை. என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியாதது மார்ச் 26 அன்று குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானுடனான உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்தில் நடந்ததுதான். ஆப்கானிஸ்தானின் முன்னணி வீரர்கள் பலர் தங்கள் சங்கத்தோடு பிணங்கி விலகியிருந்தார்கள். தமது 150-ஆவது ஆட்டத்தில் சேத்ரி 38-ஆவது நிமிடத்தில் பெனால்டியில் கோல் அடித்து முன்னிலையும் தந்துவிட்டார். அதன் பிறகும் 70-ஆவது நிமிடத்தில் ஒன்று, 88-ஆவது நிமிடத்தில் பெனால்டியில் ஒன்று என இரண்டு கோல்களை விட்டுக்கொடுத்து 1-2 என்று தோற்றோம்.

உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றுப் பிரிவின் இறுதி நிலையைப் பாருங்கள்: கத்தார் 16 புள்ளிகள், குவைத் 7, இந்தியா 5, ஆப்கானிஸ்தான் 5. குவாஹாட்டியில் வென்றிருந்தால் நமக்கு 8 புள்ளிகள். அல்லது ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் 0-0 என முடிந்த குவைத் ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் அடித்து வென்றிருந்தால் நமக்கு 7, குவைத்துக்கு 6. இரண்டில் எது நடந்திருந்தாலும் நாம் வரலாற்றில் முதன்முறையாக மூன்றாம் சுற்றுக்குச் சென்றிருப்போம்.

பதில் 2: வியாசர்பாடிக்காரர்

மேலே சொன்ன கணக்கு சரியானது. ஆனால் அந்த ஒரே ஒரு கோலை யார் அடித்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

2023-ல் இந்தியா பெற்ற 21 கோல்களில் ஒன்பது சேத்ரி அடித்தவை. அப்போது அவருக்கு வயது 38, 39. 2024-ன் நான்கு கோல்களைப் பாருங்கள்: சேத்ரியின் பெனால்டி, தோகாவில் கத்தாருக்கு எதிராகப் பக்கவாட்டு வீரர் சாங்தே அடித்தது, வியட்நாமுக்கு எதிராக அப்போது நம் சென்னையின் எஃப்சி அணிக்கு ஆடிய ஃபாரூக் சௌதரி அடித்தது, மலேசியாவுக்கு எதிராகக் கார்னர் பந்தில் தடுப்பாட்டக்காரர் ராகுல் பேக்கே தலையால் முட்டியது. நடு முன்களத்தில் நின்று கோல் அடிப்பதையே தொழிலாகக் கொண்ட வேறொருவரின் பெயர் இந்தப் பட்டியலில் இல்லை. கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில், அந்தக் குவைத் ஆட்டத்தோடு சேத்ரி கண்ணீரோடு விடைபெற்ற அன்று, அவருடைய இடத்துக்கு யார் என்ற கேள்விக்கு அணியிடம் விடை இல்லை என்பது அந்த 90 நிமிடங்களிலேயே தெரிந்துவிட்டது.

இதன் வேர் நாட்டின் முதன்மைக் கிளப் போட்டியான ஐஎஸ்எல்-இல் இருக்கிறது. ஒரு நேரத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்கள் களத்தில் இருக்கலாம் என்பதால் பெரும்பாலான கிளப்புகள் ஒன்பதாம் எண் இடத்தை, அதாவது நடு முன்கள இடத்தை, வெளிநாட்டவருக்கே ஒதுக்குகின்றன. மன்வீர் தம் கிளப்பில் வலப்புற ஓரத்தில் ஆடுகிறார். தேசிய அணிக்கு வந்ததும் சில நாட்களுக்குள் நடுவில் நின்று, முதுகைக் காட்டிப் பந்தை வாங்கித் திரும்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நான் சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன். கோல் அடிப்பதில் கெட்டிக்காரனாக இருக்கும் பையன்கூட, பதினைந்து வயதானதும், "அண்ணா, என்னை ஓரத்தில் ஆட விடுங்கள், நடுவில் ஆடினால் கிளப்பில் எடுக்க மாட்டார்கள்" என்று கேட்கிறான். அவன் சொல்வதில் தவறில்லை என்பதுதான் எனக்கு வேதனையாக இருக்கிறது.

பதில் 3: நடுக்களத்துச் செல்வி

வியாசர்பாடி அண்ணன் சொல்வதை மதிக்கிறேன், ஆயினும் ஒரு மாறுபட்ட கருத்தை வைக்க விரும்புகிறேன். 2023-ன் வெற்றிகளுக்கு அடிப்படை கோல்கள் அல்ல, தடுப்பாட்டம். மார்ச் மாதம் மியான்மருடன் தொடங்கி ஜூனில் நேபாளம் வரை தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் நாம் ஒரு கோலும் வாங்கவில்லை. ஒன்பதாவது ஆட்டத்தில் வாங்கியதும் குவைத்துக்கு எதிராக 90 நிமிடங்களைக் கடந்து அன்வர் அலி தவறுதலாக அடித்துவிட்ட சொந்தக் கோல்தான். பின்னால் சந்தேஷ் ஜிங்கனும் அன்வரும் சேர்ந்து நின்ற அந்த இணை 2024-ல் நவம்பர் வரை இல்லை. காயத்தால் அன்வர் ஆசியக் கோப்பைக்கே வரவில்லை. அங்கே சிரியா ஆட்டத்தில் முழங்காலில் காயமடைந்து வெளியேறிய ஜிங்கன், மீண்டும் நாட்டுக்காக ஆடியது நவம்பரில் மலேசியாவுக்கு எதிராகத்தான்.

மற்றொன்று, சேர்ந்திருந்த காலம். 2023 ஜூன் 9 முதல் ஜூலை 4 வரை 26 நாட்களில் அந்த அணி ஒன்பது ஆட்டங்களை ஒன்றாக ஆடியது. யார் எப்போது முன்னேறுவார், யார் பின்னால் நிற்பார் என்பது சொல்லாமலே புரியும் அளவுக்கு அவர்கள் பழகியிருந்தார்கள். 2024-ல் ஏறத்தாழ அதே எண்ணிக்கையிலான ஆட்டங்கள் பதினொரு மாதங்களில் சிதறிக் கிடந்தன. ஐஎஸ்எல் ஆட்டங்கள் டிசம்பர் இறுதி வரை நீண்டன. ஜனவரி 13 அன்று ஆஸ்திரேலியாவை எதிர்கொள்ள அணிக்குக் கிடைத்தது இரண்டு வாரம். ஜூன் 17 அன்று பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் நீக்கப்பட்டார். ஜூலையில் அவருக்குப் பதிலாக மனோலோ மார்க்கெஸ் நியமிக்கப்பட்டார். மார்க்கெஸ் அப்போது கோவா கிளப்பையும் சேர்த்தே கவனித்து வந்தார். அவருடைய திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் செப்டம்பரில் மொரீஷியஸுடன் 0-0, சிரியாவிடம் 0-3 என்று முடிந்த இரண்டு ஆட்டங்களிலும் வீரர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கேள்வி கேட்டவர்: கிழக்கு மாடம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. ஜூன் 11 அன்று தோகாவில் கத்தாருடனான ஆட்டத்தில் நடுவர் அந்தச் சர்ச்சைக்குரிய கோலை அனுமதிக்காமல் இருந்திருந்தால், நாம் இந்த ஆண்டை முற்றிலும் வேறு விதமாகப் பேசிக்கொண்டிருக்க மாட்டோமா?

பதில்: புள்ளிப்பட்டியல்

பேசிக்கொண்டிருப்போம், அதை மறுக்கவே முடியாது. 37-ஆவது நிமிடத்தில் சாங்தே அடித்த கோலால் 1-0 என்று முன்னிலையில் இருந்தோம். 73-ஆவது நிமிடத்தில் கோல் கோட்டைக் கடந்து வெளியே போன பந்தைக் கத்தார் வீரர் ஒருவர் இழுத்து உள்ளே தள்ள, யூசுஃப் அய்மன் அதை வலைக்குள் அடித்தார். நம் வீரர்கள் பந்து வெளியேறிவிட்டதென்று நின்றுவிட்டார்கள். அந்தச் சுற்றில் காணொளி நடுவர் வசதி இல்லாததால் திருத்தவும் வழியில்லை. அது அநீதி என்பதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

ஆனால் அதே இரவில் குவைத் ஆப்கானிஸ்தானை 1-0 என வென்று 7 புள்ளிகளுக்கு வந்துவிட்டது. அதனால் தோகாவில் சமன் செய்திருந்தாலும் நமக்கு 6 புள்ளிகள்தான். வென்றால் மட்டுமே அடுத்த சுற்று. ஆசியக் கோப்பையை வென்ற அணியை அதன் மண்ணிலேயே வென்றாக வேண்டும் என்ற நிலைக்கு நம்மைக் கொண்டுபோய் நிறுத்தியவை குவாஹாட்டியும் கொல்கத்தாவும்.

பதில்: வியாசர்பாடிக்காரர்

செல்வி சொன்ன தடுப்பாட்ட இணையை நான் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் சொந்த மண்ணில் 2024-ல் ஆடிய ஐந்து ஆட்டங்களில் நாம் அடித்தவை இரண்டே கோல்கள், ஒன்று பெனால்டி, மற்றது கார்னர். ஓடும் ஆட்டத்தில் ஒன்றுகூட இல்லை. 2027 ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் வங்கதேசம், ஹாங்காங், சிங்கப்பூர் மூன்றும் நம் பிரிவில் இடம்பெற்றன, முதலிடம் பெறும் ஓர் அணிக்கு மட்டுமே வாய்ப்பு என்று இருந்தது. நம் அணி இனி எப்போது இங்கே ஆடினாலும், பக்கவாட்டிலிருந்து பந்து வரும் ஒவ்வொரு முறையும் பெனால்டி கட்டத்துக்குள் எத்தனை நீலச் சட்டைகள் நிற்கின்றன என்பதைத்தான் எண்ணிக்கொண்டிருப்பேன்.