28 நாளில் 14 பாடல்: சேரலாமா, வேண்டாமா?

அரைத்தாளம்
என் கணினியில் 63 பாட்டுத் துண்டுகள் கிடக்கின்றன. எல்லாமே எட்டு பார் (தாளச் சுற்று) நீளத்தில் திரும்பத் திரும்ப ஓடும் லூப். ஒன்றுக்காவது இரண்டாம் சரணம் உண்டா என்றால் இல்லை. இந்த நிலையில் நண்பர் ஒருவர் ‘ஃபாம்’ (FAWM) என்ற இணையப் பாட்டெழுதும் சவாலைப் பற்றிச் சொன்னார். பிப்ரவரி மாதத்துக்குள் ஓர் ஆல்பத்துக்கான 14 பாடல்களை எழுதி முடிக்க வேண்டும். லீப் ஆண்டானால் பதினான்கரை! 2004இல் அமெரிக்காவில் பர் செட்டில்ஸ் என்பவர் நண்பர்கள் சிலருடன் தொடங்கியது. பரிசு இல்லை, நடுவர் இல்லை. இடையிடையே ‘ஸ்கர்மிஷ்’ என்று ஒன்றும் வைக்கிறார்கள்: தலைப்பை அறிவித்ததும் ஒரு மணி நேரத்துக்குள் பாட்டை எழுதிப் பதிவுசெய்து போட்டுவிட வேண்டும். ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

சுருதிப்பெட்டி
வேண்டாம் தம்பி. முடியாத 63 துண்டுகளோடு அவசரத்தில் செய்த 14 பாட்டையும் சேர்த்து என்ன செய்யப் போகிறீர்கள்? நானும் ஓராண்டு முழுக்க ஒரு மணி நேரச் சவால்களில் கலந்துகொண்டேன். நாற்பதுக்கு மேல் பாட்டு சேர்ந்தது. பிறகு ஒரு நாள் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுக் கேட்டேன். பாதிக்குமேல் ஏ மைனர் ஸ்கேல். அதே நான்கு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு). பாஸ் (கீழ்ச்சுர வாத்தியம்) நடக்கும் விதம்கூட ஒன்றே. கடிகாரம் ஓடும்போது கை பழகிய தடத்தில்தான் போகும், புதிய வழி தேடாது. அந்த ஓராண்டை ஒரே ஒரு பாட்டுக்குக் கொடுத்திருக்கலாமே என்று இன்றைக்கும் வருந்துகிறேன்.

கடைசிபஸ்
ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஓராண்டை ஒரு பாட்டுக்குக் கொடுக்கக்கூடியவர் எத்தனை பேர்? நான் வேலை முடிந்து வீடு வந்து, பிள்ளைகள் தூங்கியபின் ஹெட்போனை மாட்டும்போது மணி பத்தரை. எனக்கு வாய்ப்பதே ஒரு மணி நேரம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாட்டை எப்படித் தொடங்குவது என்று எனக்கு எப்போதும் தெரியும். எப்படி முடிப்பது என்று தெரியவே தெரியாது. கெடு வைத்துப் பதினைந்து பாட்டு செய்த பிறகுதான் முடிவு என்பது தனியாகக் கற்க வேண்டிய வேலை என்று புரிந்தது. எந்த வாத்தியத்தை முதலில் நிறுத்துவது, கடைசிச் சுரத்தை எவ்வளவு நேரம் ஒலிக்க விடுவது, இதையெல்லாம் லூப்பையே சுற்றிக்கொண்டிருந்தவரை ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஒரு மணி நேரம் மிகக் குறைவு என்றால் ‘டிஸ்குவைட் ஜுன்டோ’ என்ற இணைய இசைக் குழு இருக்கிறது. மார்க் வைடன்பாம் 2012 ஜனவரியில் தொடங்கினார். வியாழக்கிழமை ஒரு வேலை கொடுப்பார்கள், திங்கள் இரவு வரை நேரம். முதல் வேலை என்ன தெரியுமா? கண்ணாடிக் குவளையில் பனிக்கட்டி எழுப்பும் ஒலியைப் பதிவுசெய்து அதிலிருந்து இசை உருவாக்குவது! நானும் வீட்டில் செய்து பார்த்தேன். பிறகு ஒரு வாரம் சமையலறைப் பாத்திரம் ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சுருதிப்பெட்டி
பனிக்கட்டி வேலை எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அங்கே உங்களுக்குப் புதிதாகக் கேட்கக் கற்றுக்கொடுத்தது கெடுவா, பனிக்கட்டியா? பொருளைக் கட்டுப்படுத்துவது வேறு, நேரத்தைக் கட்டுப்படுத்துவது வேறு. 1987இல் அமிகா கணினிக்கு வந்த சவுண்ட்டிராக்கர் என்ற இசையமைப்பு மென்பொருளில் இருந்தது நான்கே சேனல், அதாவது ஒரே நேரத்தில் நான்கு ஒலிதான். அந்த நெருக்கடிக்குள் மூன்று சுரக் கார்டை ஒரே சேனலில் வேகமாக மாற்றி மாற்றி வாசித்து ஏமாற்றினார்கள், அதற்கென்றே ஒரு தனி ஓசை அமைந்தது. அப்படிச் செய்ய வைத்தது சேனல் குறைவு, கடிகாரம் அல்ல.

வெண்பாக்காரி
நேரக் கட்டுப்பாட்டை இவ்வளவு இளக்காரமாகப் பேசாதீர்கள். கொடுத்த பொருளில், கேட்ட நொடியில் பாடுகிறவரை ஆசுகவி என்று தனி வகையாக வைத்துப் போற்றியது நம் மரபு. மதுரம், சித்திரம், வித்தாரம் என்ற மற்றக் கவி வகைகள் எல்லாம் அதனோடு சேர்த்து எண்ணப்பட்டவைதாம். காளமேகத்தின் தனிப்பாடல்களை இன்றும் படிக்கிறோமே, அவசரத்தில் பிறந்தவை என்று யாராவது ஒதுக்கினார்களா?

சுருதிப்பெட்டி
அக்கா, காளமேகத்துக்கு யாப்பு நாக்கிலேயே இருந்தது. கச்சேரியில் கல்பனாஸ்வரமும் அந்த நொடியில்தான் பிறக்கிறது. அதற்குப் பின்னால் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் அலங்காரமும் என்று எத்தனை ஆண்டு அடிப்படைப் பயிற்சி! வேகம் பயிற்சியின் விளைச்சல். அதையே பயிற்சி என்று எப்படிச் சொல்வது?

வெண்பாக்காரி
வெண்பா பழகியது எப்படி என்று என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் ஆசிரியர் ஈற்றடியைக் கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் தருவார். முதல் ஐம்பது வெண்பாவும் குப்பைதான், தளை தட்டும் (யாப்பு பிசகும்). அந்த ஐம்பதை எழுதாமல் ஐம்பத்தோராவதுக்கு வந்திருக்கவே முடியாது.

சுருதிப்பெட்டி
தளை தட்டியது என்று சொல்ல ஆசிரியர் இருந்தார். இந்தக் குழுக்களில் யார் சொல்கிறார்கள்? ‘அருமை’, ‘மிக அருமை’. என்னுடைய நாற்பது பாட்டுக்கும் கிடைத்தது அவ்வளவுதான்.

கடைசிபஸ்
ஃபாமில் ஒருவரும் கருத்து எழுதாத பாட்டுக்கு ஒரு பெயரே உண்டு: ‘ஸாங்’, அதாவது ஸீரோவும் சாங்கும் சேர்ந்தது. அப்படிக் கிடக்கும் பாட்டுகளைத் தேடிப் போய்க் கேட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வந்த ஒரு வரி நினைவிருக்கிறது: பல்லவி இரண்டாம் முறை வரும்போது டிரம்மை நிறுத்திப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். நிறுத்திப் பார்த்தேன், பாட்டுக்கு மூச்சு வந்தது. முன்பின் தெரியாத ஒருவர் நம் பாட்டை இரண்டு முறை கேட்டிருக்கிறார் என்பதே எவ்வளவு பெரிய பரிவு!

ஒலிக்கூடம்
நான் ஒலிப்பதிவுப் பக்கம். சேர்வதானால் டெம்ப்ளேட்டை (வாத்தியங்களை அமைத்துவைத்த வெற்றுக் கோப்பு) முந்தைய நாளே தயார் செய்து வையுங்கள், மிக்ஸிங்குக்கு (ஒலிகளைச் சமன்செய்து கலப்பதற்கு) கடைசிப் பத்து நிமிடத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள். அவசரத்தில் ஹெட்போன் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோம். காது களைத்துவிடும், கவனம். நேரலைச் சவால்கள் அமெரிக்க மாலையில் வைக்கப்பட்டால் நமக்கு அதிகாலை. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அரைத்தாளம்
எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை அலாரம் வைத்துக்கொண்டு தனியாகவே ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். 63இல் ஒன்றை எடுத்து முடித்துவிட்டேன். 1 நிமிடம் 50 நொடி. வீணை ஒலி கடைசியில் அறுந்தாற்போல் நிற்கிறது, சரிசெய்ய நேரமில்லை. இத்துடன் இணைத்திருக்கிறேன்.

சுருதிப்பெட்டி
கேட்டேன். சேர வேண்டாம் என்று சொன்னதில் மாற்றமில்லை. வீணை அறுந்து நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது, அதைத் தொடாதீர்கள். 1:10இல் பாஸ் மந்திர (கீழ்) ஸ்தாயிக்கு இறங்கும்போது மிருதங்கத்தின் தொப்பி (இடந்தலை) ஒலியை விழுங்குகிறது. அந்த நான்கு பாரில் மட்டும் பாஸை மேல் ஸ்தாயிக்கு ஏற்றி மறுபடியும் போடுங்கள். கேட்கிறேன்.