முதல் குகைப் பயணம்: ஆளுக்கு ஒரு ஹெட்லாம்ப் போதுமா?

புதியவன்:
நான்கு பேர் முதல்முறையாகக் குகைக்குள் இறங்கப் போகிறோம். கயிறு தேவையில்லாத குகை, உள்ளே சிற்றோடை உண்டு. நாலு மணி நேரத் திட்டம். ஆளுக்கொரு ஹெட்லாம்ப், செல்போன் டார்ச், ஜீன்ஸ். இவை போதுமா? நடுவில் ஊர்ந்து போகவேண்டிய இடுக்கு ஒன்று இருக்கிறதாம், அதை நினைத்தால்தான் பயம்.

கார்பைடு:
போதாது. ஆளுக்கு 3 விளக்கு வேண்டும், அதில் குறைந்தது இரண்டு ஹெல்மெட்டில் மாட்டக்கூடியவையாக இருக்கட்டும். ஏறி இறங்க இரு கையும் வேண்டும். செல்போனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சேற்றுக்கையால் தொட்டால் திரை வேலை செய்யாது. பைக்குள் உரசி ஸ்விட்ச் தானாக ஆன் ஆகி, உபரி விளக்கு தேவைப்படும்போது செத்துக் கிடக்கும். பேட்டரி முனைக்கும் தகட்டுக்கும் நடுவே சின்னக் காகிதத் துண்டைச் செருகி வையுங்கள். முன்பு குகைகளில் பயன்படுத்திய, வாயுவை எரிக்கும் கார்பைடு விளக்கில் முனை கரியடைத்து அடிக்கடி அணையும், குத்திவிட மெல்லிய கம்பி கூடவே வைத்திருப்பார்கள். எல்இடி அப்படிப் படுத்துவதில்லை, அதனாலேயே பலர் அசட்டையாகிவிடுகிறார்கள்.

ஈரமண்:
ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்த பருத்தி காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நடக்கும்போது தெரியாது, இடுக்கு முன்னால் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது நடுங்குவீர்கள். பாலியஸ்டர் அல்லது கம்பளி, முட்டிக்காப்பு, கையுறை, தாடைப்பட்டி உள்ள ஹெல்மெட்.

இடுக்கில்: சட்டைப்பையைக் காலிசெய்து, பையை முன்னால் தள்ளிக்கொண்டே போங்கள். ஒரு கை முன்னே, மற்றது உடம்போடு ஒட்டி. தோள் அகலம் குறையும். மூச்சை வெளியே விட்டால் மார்பு சுருங்கும், அப்போது நகருங்கள். சிக்கினால் உதறாதீர்கள், உதறினால் துணி சுருண்டு இன்னும் இறுகும். மூச்சை நிதானப்படுத்தி, வந்த வழியே பின்வாங்குங்கள். கீழ்நோக்கிச் சரியும் இடுக்கில் தலையை முதலில் விடவே கூடாது. உடம்பின் எடையே உள்ளே இழுக்கும், மேலே தள்ளிக்கொண்டு வர பிடிமானம் கிடைக்காது. கால்தான் முதலில்.

வழித்துணை:
ஒவ்வொரு பிரிவிலும் நின்று திரும்பிப் பாருங்கள். திரும்பும்போது அதே இடம் வேறு மாதிரி தெரியும். சுவரில் குறி போடாதீர்கள், சுண்ணாம்புத் தொங்கல்களைத் தொடாதீர்கள், தோலின் எண்ணெய்ப்பசை பட்டால் கறைபடும். வெளியே ஒருவரிடம் எந்தக் குகை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் மீட்புக்குழுவை அழைப்பது என்று எழுதிக் கொடுங்கள். ஓடைக்கு நீர் வரும் மேட்டுப்பகுதியில் மழை என்றால் பயணத்தை ஒத்திவையுங்கள்.

புதியவன்:
உள்ளே இருக்கும்போதே நீர் ஏறினால்?

வழித்துணை:
தெளிந்த நீர் கலங்குவதும் இரைச்சல் கூடுவதும் முதல் அறிகுறி. வெள்ளத்தை எதிர்த்து வெளியே ஓடாதீர்கள். சுவரிலும் கூரையிலும் இலை, சுள்ளி ஒட்டியிருக்கும் உயரம்வரை முன்பு நீர் ஏறியிருக்கிறது. அதற்கும் மேலே ஏறி, நெருங்கி உட்கார்ந்து, ஒரே ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டுக் காத்திருங்கள்.