மயோகார்டைட்டிஸ்: ‘இதய வீக்கம்’ பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

இதயத்தின் தசையில் ‘இன்ஃப்ளமேஷன்’ உண்டாகும் நோயான மயோகார்டைட்டிஸ் என்பதற்குத் தமிழில் ‘இதய வீக்கம்’ போதும், படிப்பவருக்கு அதுவே எளிது என்று நண்பர் எழுதியிருந்தார். எளிமை வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் இந்நோயை மருத்துவர் கண்டறியும் வழியைப் பின்தொடர்ந்தால் அச்சொல் இடையிலேயே தடுக்கிவிடுகிறது.

வைரஸ் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து போன சில நாள்களில் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு ஆகியவற்றோடு ஒருவர் வருகிறார். பல வேளைகளில் அவர் இளவயதினர். ஈ.சி.ஜி.யில் மாரடைப்பைப் போன்ற மாற்றங்கள் தெரியலாம்; இதயத்தசைச் சிதைவைக் காட்டும் ட்ரோபோனின் என்னும் புரதமும் இரத்தத்தில் கூடியிருக்கலாம்; ஆனால் ஆஞ்சியோகிராமில் இதய இரத்தக்குழாய்களில் அதற்கு ஈடான அடைப்பு எதுவும் தென்படாதபோது ஐயம் தசையின்மீது திரும்புகிறது. எக்கோவில் இதயம் விரிந்தும் இருக்கலாம், இயல்பான அளவிலும் இருக்கலாம். ‘இதய வீக்கம்’ என்று கேட்ட நோயாளி தம் இதயம் பெருத்துவிட்டதாக எண்ணுவார். அளவு இயல்பு என்று அறிக்கை வந்தால் நோயே இல்லை என்றும் முடிவுகட்டுவார். கடும் உடற்பயிற்சியை மாதக்கணக்கில் விலக்கச் சொல்லும் ஒரு நோயில் இந்தக் குழப்பம் ஆபத்தானது.

எம்.ஆர்.ஐ. படத்துக்கு வரும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. 2009இல் வெளிவந்து 2018இல் திருத்தப்பட்ட லேக் லூயிஸ் அளவுகோல்கள் (எம்.ஆர்.ஐ.யில் இந்நோயைக் கண்டறியும் நெறிகள்), தசையில் நீர் கோத்திருப்பதற்கான சான்றையும் தசை சேதமுற்றதற்கான சான்றையும் தனித்தனியே எடைபோடுகின்றன. அந்த நீர்கோத்தலைச் சொல்லத்தான் ‘வீக்கம்’ நமக்குத் தேவை. நோயின் பெயருக்கே அதைச் செலவிட்டுவிட்டால், ‘இதய வீக்கத்தில் வீக்கம் காணப்பட்டது’ என்று எழுத நேரும். செம்மை, வீக்கம், வெப்பம், வலி என ‘இன்ஃப்ளமேஷ’னுக்கு உரோமானிய மருத்துவ நூலாசிரியரான செல்சஸ் அன்றே வகுத்த நான்கு குறிகளுள் வீக்கம் ஒன்று மட்டுமே. முழு நிகழ்வுக்கும் ‘அழற்சி’ என்ற சொல் இருக்கிறது. ‘அழல்’ என்பதன் வழிவந்த அச்சொல் குடல்வால் அழற்சி, கல்லீரல் அழற்சி என ஏற்கெனவே வேரூன்றியும் விட்டது.

‘தசை’யை விட்டுவிட்டு ‘இதய அழற்சி’ என்று சுருக்கவும் இயலாது. இதயத்தின் வெளியுறை அழற்சியும் உள்ளுறை அழற்சியும் வேறு நோய்கள். அவற்றுக்கான மருத்துவமும் வேறு. ஆகவே என் பரிந்துரை ‘இதயத்தசையழற்சி’. நீளம்தான், ஆனாலும் சொல்லின் ஒவ்வொரு பகுதியும் வேலை செய்கிறது.

இதற்கு இரண்டு அடைமொழிகளும் வேண்டும். இதயத்தசையிலிருந்து சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, அழற்சி அணுக்களோடு தசை அணுக்களின் சிதைவும் இருந்தால் நோயை உறுதிசெய்யலாம் என்பது 1986ஆம் ஆண்டின் டாலஸ் அளவுகோல். ஆனால் அழற்சி திட்டுத்திட்டாகவே பரவியிருப்பதால் துணுக்கில் அது அகப்படாமலும் போகும். எல்லா நோயாளிகளுக்கும் இந்தச் சோதனை செய்யப்படுவதும் இல்லை. அறிகுறிகளையும் படங்களையும் கொண்டு கணிக்கப்பட்டதை ‘ஐயுறு இதயத்தசையழற்சி’ என்றும், திசுவில் கண்டதை ‘திசுவுறுதி பெற்ற இதயத்தசையழற்சி’ என்றும் பிரிக்கலாம் என்று கருதுகிறேன். முன்னதில் எனக்கு நிறைவுண்டு. பின்னது நாவில் சற்று முரடாகப் புரள்கிறது. இதனினும் செம்மையான வடிவம் தோன்றுவோர் அன்புகூர்ந்து எழுதுங்கள்.